ஆராச் சொன்னீங்கள், அண்ணை?

அவரைப் பற்றி நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், தனக்குத் தெரிந்த வேறொரு ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். காலையில் கதவைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, கொழுவியில் தொங்கும் நீலக் கோட்டை எடுத்துப் போடுவதுதான். அதன் நெஞ்சில் நாங்கள் வேலை செய்த சபையின் சின்னம் குத்தியிருக்கும். கோட்டுப் போட்டால் அவர் “சேர்”. பின்னேரம் அதைக் கழற்றினால் “அண்ணை”. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித் தந்துவிட்டார்.

“பிள்ளை, இஞ்ச உள்ளுக்க நான் உங்களுக்குச் சேர். வெளியில இறங்கினால் அண்ணை. ரெண்டையும் குழப்பக்கூடாது.”

டென்மார்க்கில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். லொறி ஓட்டி வருகிற டேனிஷ்காரன் வாசலிலேயே நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துவான். ஒருநாள் கோட்டைக் கழற்றிய பிறகு அவன் சரக்கோடு வந்து கையெழுத்துக் கேட்டான். இவர் திரும்பிப் போய்க் கோட்டைப் போட்டு, கையெழுத்து வைத்து, மறுபடி கழற்றிக் கொழுவினார். அவன் என்னைப் பார்த்தான். நான் மிளகு மூட்டைகளைப் பார்த்தேன்.

சபையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கறுவா, கராம்பு, மிளகு விற்பதற்காக இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு உருவாக்கிய சபை என்றால் போதும். அதற்கு இங்கே ஒரு களஞ்சியமும் ஒரு காட்சியறையும் இருந்தன. அவர் பொறுப்பாளர். நான் மாதிரிப் பொதிகள் கட்டுவேன், பெயர்ச்சீட்டு ஒட்டுவேன், ரெலிபோன் வந்தால் டேனிஷில் பதில் சொல்வேன். சில வருடங்கள் போன பிறகு என்னுடைய அட்டையில் உதவிப் பொறுப்பாளர் என்று போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “பொதி கட்டுறதுக்கு என்னத்துக்குப் பட்டம்?” என்றார். அப்போது அவர் சேர்.

எங்கள் ஆட்கள் அப்படி ஒரு இடத்தில் வேலைக்குப் போவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். போகமாட்டார்கள். நாங்கள் ஊரைவிட்டு வந்ததே அந்த அரசாங்கத்துக்குப் பயந்துதான். ஹோர்சன்ஸில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த என் கணவர், “அவங்கட சோத்தைத் தின்னுறதைவிட நாங்கள் பட்டினி கிடக்கலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இவர் ஒரு சனிக்கிழமை மனைவியோடு வைலேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மாம்பழம். கோட்டு இல்லை.

“தம்பி, அரசாங்கம் வேறை, சபை வேறை,” என்று என் கணவரிடம் தொடங்கினார். “அரசாங்கம் சபையைப் பெத்ததுதான், ஓம். பெத்த பிள்ளை வளந்து கடை போட்டால், தேப்பனே வந்து கல்லாவில இருக்கிறாரோ? சபைக்குத் தனிப் பேர், தனி முத்திரை. சபை ஆரிலயும் வழக்குப் போடலாம், ஆரும் சபையில வழக்குப் போடலாம். சட்டத்தில அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.”

“இதைச் சபையாச் சொல்லுறியளோ, நீங்களாச் சொல்லுறியளோ?” என்று என் கணவர் சிரித்துக்கொண்டு கேட்டார். இவருடைய குணம் அதற்குள்ளேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

“அண்ணனாச் சொல்லுறன், தம்பி.”

நான் அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

அவர் கோயில் பரிபாலன சபையிலும் இருந்தார், தான் குடியிருந்த மாடி வீடுகளின் குடியிருப்போர் சங்கத்திலும் இருந்தார். ஒரு தேர்த் திருவிழாவில் மேளச் சத்தம் தாங்க முடியவில்லை என்று குடியிருப்போர் சங்கம் கோயிலுக்கு முறைப்பாடு எழுதியது. கீழே கையெழுத்து இவருடையது. கோயில் செயலாளர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். அதிலும் கையெழுத்து இவருடையதுதான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. “அங்க இருந்துகொண்டு இஞ்சத்தக் கதை கதைக்கேலாது. இஞ்ச இருந்துகொண்டு அங்கத்தக் கதை கதைக்கேலாது. அதுதான் ஒழுங்கு,” என்றார். அந்தக் காலத்தில் அதை நான் ஒரு நேர்மை என்றுதான் நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், மரியாதையாகக்கூட இருந்தது.

அவருடைய கருணையும் உண்மையானதுதான். அதையும் சொல்லாவிட்டால் நான் அவரை மாதிரி ஆகிவிடுவேன். போர் வன்னியின் கடற்கரை வரைக்கும் சுருங்கிக்கொண்டு வந்த மாதங்களில், என் தம்பியின் தொடர்பு அறுந்துபோயிருந்தது. அவன் கிளிநொச்சியில் ரேடியோ திருத்திப் பிழைத்தவன். நான் பொதி கட்டிக்கொண்டே அழுவேன், கறுவாத் தூளால் கண் எரிகிறது என்று சொல்லிக்கொள்வேன். ஒரு மத்தியானம் இவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு அலுவலக ரெலிபோனை எடுத்து வவுனியாவுக்கு அடித்தார். அங்கே தனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரி ஊழியர், ஒரு பாதிரியார், ஒரு லொறிக்காரர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து, என் தம்பியின் பெயரையும் அடையாளத்தையும் சொன்னார். “கண்ணாடி போட்ட பெடியன். இடது புருவத்தில தழும்பு. விசாரிச்சுச் சொல்லுங்கோ ஐயா, எங்கட பிள்ளை.” எங்கட பிள்ளை என்று சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. ரெலிபோனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்து, கோட்டைப் போட்டு, “அந்தக் கராம்புப் பொதியளை இண்டைக்கு முடிக்கோணும்,” என்றார்.

வைகாசி மாதம், போரை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் என்றார்கள். வைலேயிலிருந்து பஸ் போகிறது. என்னால் போகாமல் இருக்க முடியாது. ஆனால் நான் வேலை செய்கிற இடம் அப்படி. இவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். டேனிஷ்காரி ஒருத்தி என்றால் அலுவலகத்திலேயே மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருப்பாள், அல்லது இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பாள். எங்களுக்கு அது வராது. அந்தச் சின்னத்துக்கு முன்னால் நின்று இப்படி ஒன்றைக் கேட்டு அந்த மனிதரைத் தர்மசங்கடப்படுத்தக்கூடாது என்று நானும் என் கணவரும் யோசித்தோம். ஞாயிற்றுக்கிழமை பலகாரமும் கொண்டு அவருடைய வீட்டுக்குப் போய்க் கேட்டோம்.

“போயிட்டு வாங்கோ தங்கச்சி,” என்றார். “தம்பிக்காரன் அங்க கிடக்கிறான், நீங்கள் இஞ்ச பொதி கட்டிக்கொண்டிருக்கேலுமே? நான் போகேலாது, என்ர இருப்பு அப்பிடி. எனக்கும் சேர்த்து நீங்கள் கத்திப்போட்டு வாங்கோ.” அவருடைய மனைவி பஸ்ஸில் சாப்பிட இடியப்பப் பார்சல் கட்டித் தந்தார்.

போனேன், கத்தினேன். தம்பியின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற என்னை டேனிஷ் தொலைக்காட்சி காட்டியது. கமராக்காரனுக்கு நான் அழுகிற ஒரு பெண். கொழும்பில் அதைப் பார்த்த யாரோ ஒருவருக்குச் சபையின் ஊழியர்.

இரண்டு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஊரிலும், எனக்கும். இவர் கோட்டோடு என்னைக் கூப்பிட்டு, நிற்க வைத்து, மிஸிஸ் என்று தொடங்கி என் கணவரின் முழுப் பெயரையும் சொன்னார். நாட்டுக்கு விரோதமான நடவடிக்கையில் ஈடுபட்டதால் சபை என்னை வேலையிலிருந்து நிறுத்துகிறது என்று இங்கிலிசில் வாசித்தார். வாசித்து முடித்ததும் கோட்டைக் கழற்றினார். மூட்டைமேல் இருந்து அழத் தொடங்கிவிட்டார்.

“நெஞ்சு வெடிக்குது தங்கச்சி. வாங்கோ, உங்களை வீட்ட கொண்டுபோய் விடுறன்.”

வைலே வரைக்கும் காரில் அவரே கொண்டுவந்து விட்டார். வழியில் கேட்டேன். “அண்ணை, நீங்கள்தானே போகச் சொன்னனீங்கள்?”

“ஓம். நான்தான் சொன்னனான். சபை சொல்லேல்லை.”

இதைவிட வெட்கக்கேடு என்னவென்றால், அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே பட்டது. இத்தனை வருடம் அவரோடு பழகிய பழக்கதோஷம்.

என் தொழிற்சங்கம் ஒரு வழக்கறிஞரைத் தந்தது. இளம் டேனிஷ் பெண், சைக்கிள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். இந்த நாட்டில் ஒருவரின் அரசியல் கருத்துக்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது, இது சின்ன வழக்கு என்றாள். சபையின் பதில் வந்ததும் அவளுடைய முகம் மாறிவிட்டது. என்னை நிறுத்தியது சரி என்றோ பிழை என்றோ சபை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது, நாங்கள் அந்த நாட்டின் ஒரு அங்கம், ஆகவே வழக்கையே எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

“சபை வேறை, அரசாங்கம் வேறை எண்டெல்லோ சொன்னவர்!” என்று நான் அவளிடம் தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒரு நாடு கறுவா விற்க வந்தால் அதுவும் கடைக்காரன்தான், கடைக்காரனை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஆட்சி செய்கிற வேலையில் இருக்கும்போதுதான் தொட முடியாது. ஆகவே நீதிபதி முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி: நீ அங்கே கடை வேலை செய்தாயா, அரச வேலை செய்தாயா?

“பொதி கட்டினேன்.”

“அப்படியென்றால் பயமில்லை. அதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.”

சாட்சிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் அவருடைய வீடு. அவர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன் தம்பி பயப்பிடுறியள்? பொதி கட்டினவளைப் பொதி கட்டினவள் எண்டுதானே சொல்லேலும்? நான் வாறன்.”

எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டியிருக்கவில்லை. அதற்குள் தம்பியின் செய்தியும் வந்திருந்தது. கடற்கரையில் அவனைத் தூக்கிப் புதைத்தவர்களில் ஒருவர், முகாமிலிருந்து வெளியே வந்து, எங்களுக்கு ரெலிபோனில் சொன்னார். போரில் செத்தவர்களின் முதலாவது நினைவு நாளுக்கு வைலேயில் மண்டபம் எடுத்து எங்கள் ஆட்கள் விளக்கேற்றினார்கள். நானும் அவனுடைய படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்து, எல்லாரோடும் நின்று அழுதேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பிக்காகத் தெருவில் நின்ற ஒருத்தியைத் துரத்தியது பிழை என்று, நீதிபதியின் கதிரையில் இருக்கிற ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வழக்கு நடந்த அன்று நீதிமன்ற நடைபாதையில் அவரைக் கண்டேன். கோட்டுப் போட்டிருந்தார். “வணக்கம் அண்ணை,” என்றேன். அவர் டேனிஷில் காலை வணக்கம் சொன்னார்.

அவர் எங்கள் சாட்சியாக வரவில்லை. சபையின் சாட்சியாக வந்திருந்தார். நான் அங்கே என்ன வேலை செய்தேன் என்று சபையின் வழக்கறிஞர் கேட்டார். இவர் நல்ல டேனிஷில், நிதானமாக, என்னைப் புகழத் தொடங்கினார். நான் சாதாரண ஊழியர் அல்ல. அவருடைய வலது கை. அவர் இல்லாத நேரங்களில் அலுவலகமே என் பொறுப்பில் இருந்தது. அமைச்சிலிருந்து வருகிற இரகசியக் கடிதங்கள் என் கையால்தான் போகும். நாட்டின் நலன் சம்பந்தப்பட்ட எத்தனையோ விடயங்கள் எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் என் அட்டையில் ஒரு பட்டம் போட மறுத்த மனிதர், அரை மணித்தியாலத்தில் என்னைத் தூதுவர் அளவுக்கு உயர்த்திவிட்டார்.

இரகசியக் கடிதம் என்னவென்றால், தபால்காரன் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிற உறைகளை எடுத்து இவருடைய மேசையில் நான் வைப்பேன். அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்ததென்று கடவுளுக்கும் இவருக்கும்தான் தெரியும்.

என் வழக்கறிஞர் எழுந்து, ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாம் என்று நீங்கள் அனுமதி கொடுக்கவில்லையா என்று கேட்டாள்.

“அலுவலகத்தில் அவர் அனுமதி கேட்கவில்லை,” என்றார். “என் வீட்டுக்கு வந்தார். வீட்டில் நான் சொன்னது என் தனிப்பட்ட கருத்து.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அந்தக் கருத்தைச் சொன்னவரும் நீங்கள்தானே?”

“ஆம். ஆனால் வேறொரு நிலையில்.”

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற ஒரு மனிதரின் முகமாக அது இருக்கவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது. கொஞ்சமாவது கூசியிருந்தால், தலையைக் குனிந்திருந்தால், என்னால் மன்னித்திருக்க முடியும்.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. என் வேலை அரச அலுவல்களோடு நெருங்கியது என்பதால், வழக்கை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது. தோற்றிருந்தாலும் பரவாயில்லை. என்னை நிறுத்தியது சரியா பிழையா என்று ஒருவரும் ஒரு சொல் கேட்கவே இல்லை. அப்படி ஒரு சாட்சியத்துக்குப் பிறகு மேலே போய்ப் பயனில்லை என்று தொழிற்சங்கமும் கைவிட்டது. வழக்கறிஞர்ப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழர்களைப் பற்றித் தெரியாது. இனிமேல்தான் எனக்கு இருக்கிறது என்பதும் தெரியாது.

முதலில் கேட்டது என் மகள். தீர்ப்பைச் சமையலறை மேசையில் வைத்து வாசித்துவிட்டு, “அம்மா, நீ இலங்கை அரசாங்கத்தின் பெரிய ஆளா?” என்று டேனிஷில் கேட்டாள். அவளுக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். பிறகு அது பிரெடெரிசியா பஸ்ஸில், கோயில் மடப்பள்ளியில், ஹோர்சன்ஸ் தமிழ்க்கடையில் எல்லாம் சுற்றி வந்தது. நான் கடைக்குள் போனால் கதை நிற்கும். உழுத்தம்மா வாங்குகிறவர்கள் உழுத்தம்மாவைப் பற்றி மட்டும் கதைப்பார்கள்.

அடுத்த மாதங்களில் சபை பிரெடெரிசியா அலுவலகத்தை மூடியது. இவர் கோயிலில் எல்லாருக்கும் முன்னால், “அவங்களோட இனிச் சரிவராது எண்டு வேலையை எறிஞ்சுபோட்டு வந்திட்டன்,” என்றார். கோட்டோடு எல்லாப் பாவமும் கழன்றுவிட்டது. கொம்யூன் என்கிற நகரசபையில் ஆட்களைத் தெரிந்தவர், மண்டபம் எடுத்துக் கொடுக்கிறவர், இறந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அப்படிப்பட்ட ஒருவரை யார் தள்ளி வைப்பார்கள்? சபைதான் கெட்டது, அண்ணை நல்லவர். நானும் ஒருகாலம் அப்படிப் பிரித்துப் பார்த்தவள்தான், அவர்களைக் குறை சொல்லி என்ன.

இரண்டாவது நினைவு நாளுக்கு நானும் என் கணவரும் பூக் கொண்டு போனோம். மண்டப வாசலில் மெழுகுவர்த்தித் தட்டோடு நின்றவள், கொப்பன்ஹேகன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தவள். நான் அழுதபோது தன் தோளைத் தந்தவள். என்னைக் கண்டதும் தட்டைக் கையால் மூடினாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் உள்ள போனால் கொஞ்சப் பேர் வெளியில போயிடுவினம்.”

“ஏன்?”

“நீங்கள் அவங்கட முக்கியமான ஆளாம் எண்டு கோர்ட்டிலயே சொல்லியிருக்கினமாம்.”

உள்ளே இவர் கதிரைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டு, கையை மடித்து விட்டிருந்தார். நான் வாசலில் நின்றபடி கூப்பிட்டேன்.

“அண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ.”

வந்தார். “என்ன தங்கச்சி?”

“இவைக்குச் சொல்லுங்கோ. நான் அங்க என்ன வேலை செய்தனான்?”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நிமிடத்தில் எனக்கு அவரில் கோபம் இருக்கவில்லை. நம்பிக்கைதான் இருந்தது. சபை இல்லை, நீதிபதி இல்லை, கொழும்பு இல்லை. எனக்கு முன்னால் நிற்கிறவர் என் தம்பியை எங்கட பிள்ளை என்று சொல்லித் தேடிய அண்ணை. பொதி கட்டினவள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் உள்ளே போய்விடுவேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். மடித்துவிட்ட சேட்டுக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினார்.

“தங்கச்சி, கோர்ட்டில ஒண்டு சொல்லிப்போட்டு இஞ்ச வந்து வேறை கதைக்கேலாது. ஒரு மனுசனுக்கு ஒரு சொல்லுத்தானே.”

எத்தனையோ வருடம் பழகியும், அவர் ஒரே ஆளாக நின்று நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே படங்கள் வரிசையாக இருந்தன. நான் சட்டம் போட்டுக் கொடுத்த படமும் அங்கே இருந்தது, வாசலில் நின்றாலே தெரிந்தது. தட்டோடு நின்றவளிடம் பூவை நீட்டினேன்.

“ரெண்டாவது வரிசை, கண்ணாடி போட்ட பெடியன்,” என்றேன். “அவனுக்கு நீங்கள் வையுங்கோ.”